வீட்டைக் கட்டுகிறவருக்கு மட்டும் உரிமம் வேண்டாம்

சொந்த மனையில் வீடு கட்டப் புறப்படுகிறவர்கள் மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்கும் முறை தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மைத்துனர் வீட்டைக் கட்டியவர், அலுவலக நண்பர் சொன்னவர், அடுத்த தெருவில் இப்போது தளம் போட்டுக்கொண்டிருப்பவர். அவர் கட்டிய வீட்டை நேரில் போய்ப் பார்ப்பார்கள். பூச்சு மட்டமாக இருக்கிறதா, டைல்ஸ் கோடு சீராக ஓடுகிறதா, கதவு உரசாமல் சாத்துகிறதா என்று தடவித் தட்டிப் பார்ப்பார்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவார்கள். நல்ல நாள் பார்த்து வெற்றிலைத் தட்டில் அட்வான்ஸ் வைத்துக் கொடுப்பார்கள். இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு உரிமம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை. தனி வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கென்று அப்படி ஓர் உரிமமே இங்கே கிடையாது.

இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை, ஏனென்றால் உரிமம் போலத் தோற்றம் தரும் காகிதங்கள் பல புழக்கத்தில் இருக்கின்றன. பொதுப்பணித் துறை ஒப்பந்ததாரர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்கிறது. ஆனால் அது அரசு வேலைக்கு டெண்டர் போடுவதற்கான தகுதி. வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியாளர் உள்ளாட்சி அமைப்பிலோ திட்டக் குழுமத்திலோ பதிவு பெற்றவர். அவர் வரைகிறவர், கட்டுகிறவர் அல்ல. 'அரசு பதிவு பெற்ற நிறுவனம்' என்று பலகை மாட்டியிருக்கும் பல இடங்களில் அந்தப் பதிவு என்பது ஜி.எஸ்.டி. எண்ணாகவோ சிறுதொழில் பதிவாகவோதான் இருக்கும். வரி கட்டச் சம்மதித்தவர் என்பதற்கு அது சான்று. ஒரு பில்லரில் எத்தனை கம்பி வர வேண்டும் என்று தெரிந்தவர் என்பதற்குச் சான்று ஆகாது.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர், தர ஆய்வாளர் என்று தொழில் வல்லுநர்களை வகை பிரித்துப் பதிவு செய்யச் சொல்கின்றன. நல்ல விதிகள்தான். ஆனால் அவற்றின் முழுப் பாரமும் விழுவது பெரிய கட்டடங்களின் மேல். சிறிய குடியிருப்புகளுக்கு முடிவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ, தரையும் ஒரு மாடியுமோ கட்டுகிறவருக்கு இணையவழியில் உடனே அனுமதி கிடைத்துவிடுகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு இது பெரிய விடுதலை. ஒரு கையொப்பத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இதன் இன்னொரு பொருளையும் பார்க்க வேண்டும். கடைக்கால் தோண்டிய நாள் முதல் பால் காய்ச்சும் நாள் வரை, அந்தக் கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பதற்கென்று அரசுத் தரப்பிலிருந்து ஒருவர் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அப்படியானால் யார் பார்க்கிறார்கள்? வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் பொறியாளர் வருகிறாரே என்பார்கள். அவர் வருவது எந்தக் கட்டம் வரை வேலை நடந்திருக்கிறது, அடுத்த தவணையை விடலாமா என்று மதிப்பிடத்தான். லிண்டல் மட்டம் வந்துவிட்டதா என்று பார்ப்பார், லிண்டலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். அவர் வந்துபோனதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்வது நம்மிடையே பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கைகளில் ஒன்று.

மேஸ்திரிகளின் திறமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து, எழுதப்படிக்கத் தெரியாத கொத்தனார்கள் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் நூறு ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. அந்தக் கட்டுமானத்தில் அனுபவம் ஒன்றே படிப்பாக இருக்க முடிந்தது. காரணம் எளியது: அங்கே தவறு கண்ணுக்குத் தெரியும். சுவர் சாய்ந்தால் தூக்குக்குண்டு காட்டிவிடும். கல் சரியாக வேகவில்லையென்றால் தட்டினாலே சத்தம் மாறும். தவறு வெளியே தெரிகிற தொழிலில் கை தானாகத் திருந்திக்கொள்ளும்.

கம்பியும் கான்கிரீட்டும் வந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. இங்கே நல்ல வேலையும் கெட்ட வேலையும் பூசி முடித்தபின் ஒரே மாதிரித்தான் தெரியும். வேறுபாடு தெரிய எட்டு ஆண்டு ஆகலாம், பதினைந்து ஆண்டும் ஆகலாம். அதற்குள் மேஸ்திரி முப்பது வீடு கட்டியிருப்பார், முப்பதிலும் அதே தவறைச் செய்திருப்பார். "முப்பது வருஷமா இப்படித்தான் போடறோம் சார், ஒண்ணும் ஆனதில்ல" என்று அவர் சொல்வது பொய்யல்ல. ஆனது அவருக்குத் தெரிய வரவில்லை என்பதுதான் உண்மை.

கான்கிரீட்டில் ஊற்றும் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 நெறிமுறைப்படி வீட்டுக் கூரைக்குக் குறைந்தது எம்-20 தரக் கான்கிரீட் வேண்டும். அளவுப் பெட்டி வைத்துக் கலக்கும்போது 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. ஏறக்குறைய இரண்டு குடம். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். நடைமுறையில் மிக்சர் பக்கத்தில் நிற்கும் ஆள் கலவை 'ஓடுகிற' வரை ஊற்றுவார். கலவை இளகினால் தூக்கவும் பரப்பவும் சுலபம், மாலைக்குள் தளம் முடிந்துவிடும். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பிறகு ஆவியாகி, தான் இருந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுவிட்டுப் போகும். மழைநீர் அந்த வழியாகத்தான் கம்பிக்குப் போய்ச் சேர்கிறது.

கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய கான்கிரீட் போர்வை, அதாவது கவர், தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அடித்தளத்துக்கு 50. இதற்காகவே கவர் பிளாக்குகள் விற்கிறார்கள். வீடு முழுவதற்கும் வாங்கினாலும் மொத்தச் செலவில் அது ஒரு செலவே இல்லை. ஆனாலும் கம்பிக்கடியில் ஜல்லிக் கல்லைச் செருகிவிட்டு, தளம் போடும்போது அதன்மேலேயே ஏறி நடப்பது இன்றும் நடக்கிறது. கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சில ஆண்டுகளில் அது துருப்பிடித்து உப்பும். கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்போது வருகிற 'ரிப்பேர் ஆள்' மேலே இன்னொரு பூச்சு பூசிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவார். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும்.

கடற்கரையோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. போர்வெல்லில் உப்பு வருகிற மனையில், அந்தத் தண்ணீரை ஒரு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்பிய மேஸ்திரியைக் காண்பது அரிது. வாயில் ஊற்றிப் பார்த்து "பரவாயில்ல" என்று சொல்வதுதான் ஆய்வு.

சென்ட்ரிங் பிரிப்பதிலும் இதே கதைதான். தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14, அதற்கு மேல் 21. இந்தக் கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கானது. இப்போது வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது மெதுவாக இறுகுவதால் நாளைக் கூட்ட வேண்டும். ஆனால் சென்ட்ரிங் சாமான்களுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த வீட்டுக்காரர் தளத்துக்கு நாள் குறித்திருப்பார். கணக்கை முடிவு செய்வது சிமென்ட் அல்ல, வாடகை.

இவற்றில் ஒன்றுகூட ரகசியமல்ல. பாலிடெக்னிக் படித்த எவருக்கும் தெரியும். நல்ல மேஸ்திரிகள் பலருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்யாவிட்டால் யாரிடமாவது பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இல்லாததுதான் சிக்கல். உரிமத்தின் பயன் அறிவைத் தருவது அல்ல. பறித்துக்கொள்ளக்கூடிய ஒன்று கையில் இருந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்ள மனிதர்கள் கொஞ்சம் கவனமாக இருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் உரிமம் இருக்கும் இடத்தில் எல்லாம் சரியாக நடக்கிறதா? வீட்டு வேலையில் உண்மையிலேயே உரிமம் கட்டாயமான பிரிவு ஒன்று உண்டு: மின்சாரம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் (இப்போது நடப்பில் இருப்பவை 2023-இல் வந்தவை) நுகர்வோர் இடத்தில் மின் அமைப்பு வேலையை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் இதற்கென்று மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. ஒப்பந்ததாரருக்கு உரிமம், மேற்பார்வையாளருக்குச் சான்று, வயர்மேனுக்குச் சான்று என்று படிநிலைகள் உண்டு.

நடப்பது என்ன? கொத்து வேலை மேஸ்திரியே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வருகிறார். அவருக்கு ஒரு மாமாவோ முன்னாள் முதலாளியோ தொழில் கற்றுக்கொடுத்திருப்பார். வேலை சுத்தமாகக்கூட இருக்கலாம். இணைப்புக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் உரிமக்காரரின் கையொப்பமும் முத்திரையும் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வீட்டுக்குள் காலடி வைக்காத ஒருவர் அந்த வீட்டு வயரிங்கைச் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தருவார், அதற்கு ஒரு தொகை. சட்டம் கேட்டது உரிமம் பெற்ற மனிதரை. கோப்பில் போய்ச் சேர்ந்தது அவருடைய முத்திரை.

இதன் விளைவை நாம் தனித்தனி விபத்துகளாகவே செய்தித்தாளில் படிக்கிறோம். கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்க வேண்டிய இடத்தில் மெலிந்த வயர் ஓடுகிறது. எர்த் குழி தோண்டாமல் நியூட்ரலையே எர்த்தாகக் கட்டிவிடுகிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்பதற்காக, கசிவைத் தேடாமல் கருவியையே தாண்டி இணைப்புக் கொடுக்கிறார்கள். ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டவர் இறந்துபோனால் 'மின்சாரம் தாக்கிப் பலி' என்று செய்தி வருகிறது. அந்த வயரை இழுத்தவர் யார் என்ற கேள்வி செய்தியில் வருவதில்லை, பெரும்பாலும் விசாரணையிலும் வருவதில்லை.

எனவே உரிமம் என்ற காகிதம் மட்டும் காப்பாற்றும் என்று வாதிட நான் தயாராக இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் சரிந்த 11 மாடிக் கட்டடத்துக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட அனுமதி இருந்தது. 61 பேர் இறந்தார்கள். பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதி என்பது எவ்வளவு உயரம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது; பில்லர் தாங்குமா என்பதைக் கையெழுத்திட்ட பொறியாளரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது என்பதை ஊர் அப்போதுதான் தெரிந்துகொண்டது.

தனி வீட்டுக்காரருக்கு இன்னும் நெருக்கமான பாடம் 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் அருகே நடூரில் நடந்தது. விடிவதற்கு முன், மழையில் ஊறிய ஏறக்குறைய 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று கீழே இருந்த வீடுகள் மேல் சரிந்து 17 பேரைக் கொன்றது. இறந்தவர்கள் அருந்ததியர் குடும்பத்தினர். சாதி விலக்குக்காக எழுப்பப்பட்ட சுவர் என்று அங்குள்ளவர்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். அந்தக் கோணம் தனியே பேசப்பட வேண்டியது, பேசவும்பட்டது. கட்டுமானக் கோணத்தில் பார்த்தால், அது வீடுகூட அல்ல, ஒரு காம்பவுண்டு சுவர். நம் ஊரில் யாரும் காம்பவுண்டு சுவருக்குப் பொறியாளரை அழைப்பதில்லை. மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்குப் பின்னால் மழைநீர் தேங்கினால் மண்ணின் அழுத்தத்தோடு நீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அதை வெளியேற்ற நீர்க்கண் விட வேண்டும். உயரத்துக்கு ஏற்ப அடி அகலமாக வேண்டும். இது தெரியாமல் கட்டினாலும் ஒரு சுவர் பல ஆண்டு நிற்கும், ஒரு பெருமழை வரும் வரை. நடூரில் கைதானவர் சுவருக்குச் சொந்தக்காரர்.

சொந்தக்காரர் என்ற சொல்லில்தான் எல்லா வழியும் வந்து முடிகிறது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின்படி விதிமீறலுக்கு நோட்டீஸ் வந்தால் அது வந்து நிற்பது வீட்டுக்காரர் வாசலில்தான். "பக்கத்துல ரெண்டடி சேர்த்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க" என்று சொன்ன மேஸ்திரியின் பெயர் அந்தக் காகிதத்தில் இருக்காது.

வேலை நடக்கும்போது ஆள் அடிபட்டாலும் இதே நிலைதான். ஊழியர் இழப்பீட்டுக்கான சட்டம் முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. மேஸ்திரிக்குக் காப்பீடு இல்லை, நிலையான முகவரியும் இல்லை; வாரக் கூலியை வீட்டுக்காரரே நேரில் பிரித்துக் கொடுத்தும் வந்திருக்கிறார் என்றால், முதலாளி யார் என்ற கேள்வி அவர் பக்கம் திரும்ப இடமுண்டு. உயிர் போயிருந்தால் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக, பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் வழக்குப் பதிவாகும். காவல் நிலையத்துக்கு முதலில் கிடைக்கும் ஆள் ஓடிப்போன மேஸ்திரி அல்ல, அங்கேயே குடியிருக்கும் உரிமையாளர்.

இதில் ஒரு விபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. புதிதாகக் கட்டிய செப்டிக் டேங்கோ தரைத் தொட்டியோ மூடி போட்டுச் சில வாரம் கிடக்கும். உள்ளே சென்ட்ரிங் பலகையும் தேங்கிய தண்ணீரும் மக்கிக்கொண்டிருக்கும். பலகை பிரிக்க ஒருவர் இறங்குவார், மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார். இன்னும் பயன்பாட்டுக்கே வராத தொட்டி, கழிவு இல்லை, ஆகவே விஷவாயு இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஈரப் பலகை மக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாருமில்லை. மூடியைத் திறந்து போட்டு, காற்றை உள்ளே செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரை நிறுத்திவிட்டு இறங்குவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. இடுக்கமான தொட்டிக்குள் இறங்குவது தனிப் பயிற்சி வேண்டிய வேலை என்ற எண்ணமே நம் வீட்டுக் கட்டுமானத்தில் இல்லை.

பணத்துக்கு வருவோம். உயிர்ச்சேதம் அரிது, பணச்சேதம் அன்றாடம். மேஸ்திரி மோசடிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கு முதலீடு கிடையாது, வங்கி கடன் தராது. ஆகவே உங்கள் அட்வான்ஸில் முந்தைய வீட்டின் பாக்கிக் கூலியைத் தருகிறார். அடுத்த வீட்டு அட்வான்ஸில் உங்கள் தளத்தைப் போடுகிறார். புது வேலை வந்துகொண்டிருக்கும் வரை சக்கரம் சுழலும். மழைக்காலத்தில் வேலை நின்றாலோ, ஒருவர் பணம் தர மறுத்தாலோ அறுந்துபோகும். அப்போது அலைபேசி அணைந்துவிடும், உங்கள் வீடு பூச்சில்லாமல் நிற்கும். பாதியில் நின்ற வேலையை எடுக்க வருகிற இரண்டாவது மேஸ்திரி, முதலாமவர் செய்த எதற்கும் தான் பொறுப்பில்லை என்று சொல்லி, விலையையும் ஏற்றித்தான் எடுப்பார்.

சதுர அடிக் கணக்கே ஒரு பொறி. விலை பேசும்போது எதை அளப்பது என்று பேசுவதில்லை. முடிவில் சன்ஷேடு, படிக்கட்டுக் கூடு, போர்டிகோ எல்லாம் அளவில் ஏறும். செப்டிக் டேங்க், தரைத் தொட்டி, காம்பவுண்டு எல்லாம் 'எக்ஸ்ட்ரா' என்று வெளியே போகும். எம்-சாண்ட் என்று பில் போட்டு கிரஷர் தூசியை இறக்குவது தனி.

பில் என்றதும் ஜி.எஸ்.டி. நினைவுக்கு வருகிறது. தனி வீட்டுக்கான வெறும் கூலி ஒப்பந்தத்துக்கு வரிவிலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து எடுத்தால் 18 சதவீதம். சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் புரள்கிறவர் பதிவு செய்தாக வேண்டும். இன்று ஒரே ஒரு வீட்டை முழு ஒப்பந்தமாக எடுத்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். "பில் வேண்டாம்னா 18 பர்சென்ட் மிச்சம் சார்" என்ற பேச்சில் வீட்டுக்காரரும் மகிழ்ந்து ரொக்கமாகக் கொடுக்கிறார். மிச்சமானது வரி மட்டுமல்ல, ஆதாரமும்தான். நாளை வழக்குப் போட்டால் எவ்வளவு கொடுத்தார் என்று நிரூபிக்க முடியாது. வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயத்தில் கட்டுமானச் செலவைக் கழிக்கவும் காகிதம் இருக்காது. உரிமம் இல்லாத ஒப்பந்ததாரர் மலிவாகக் கிடைப்பதன் ஒரு பகுதி ரகசியம் இதுதான்: அவர் ஏற்காத ஆபத்துகளின் விலையை நம்மிடம் கேட்பதில்லை, ஆபத்துகளையே நம்மிடம் தந்துவிடுகிறார்.

சட்டத்தில் வழியே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் எல்லோரும் நினைக்கும் வழி அல்ல. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்கிறது. அது விற்பனைக்குக் கட்டும் மேம்பாட்டாளருக்கு. சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிக்கொண்டவருக்கு அந்தச் சட்டம் கை கொடுக்காது. அவருக்கு இருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது சேவைதான் என்பதை 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. சட்டத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம், கட்டணம் சொற்பம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அங்கே உரிமம் இல்லை என்பதற்காக மேஸ்திரி தப்பிவிட முடியாது. ஆனால் என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், குறை எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் நீங்கள் காட்ட வேண்டும். வங்கிப் பரிமாற்றம், வாட்ஸாப் உரையாடல், ஒரு பொறியாளரின் அறிக்கை இருந்தால் வழக்கு நிற்கும். வென்ற பிறகு தொகையை வசூலிப்பது வேறு கதை. பெயரில் சொத்தே இல்லாதவர் மீது வாங்கிய உத்தரவு சட்டம் போட்டு மாட்டத்தான் ஆகும்.

வேறு நாடுகளில் இந்தச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1929 முதல் ஒப்பந்ததாரர் உரிம வாரியம் இருக்கிறது. ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு உரிமம் வேண்டும். 2024 வரை அந்த வரம்பு ஐந்நூறாக இருந்தது. உரிமம் இல்லாமல் வேலை செய்தவர் கூலி பாக்கிக்காக நீதிமன்றம் போக முடியாது. அதைவிடக் கடுமையானது: வாங்கிய பணத்தையும் திருப்பிக் கேட்டு வீட்டுக்காரர் வழக்குப் போடலாம், வேலை நன்றாக இருந்தாலும்கூட. வீட்டு மராமத்துக்கு முன்பணமாக ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதமோ ஆயிரம் டாலரோ, எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. நம் ஊர் அட்வான்ஸ் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டால் பெருமூச்சுதான் வரும். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீ.வ.க.) வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்ய அந்தக் கழகத்தின் பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரைத்தான் அமர்த்த வேண்டும். புது வீட்டின் குளியலறைத் தரை ஓடுகளை முதல் மூன்று ஆண்டுக்கு மாற்றவே விடமாட்டார்கள், அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் படலம் கிழிந்துவிடும் என்று. அங்கும் முன்பணத்தோடு கடையை மூடிவிட்டுப் போகும் நிறுவனங்கள் உண்டு. பட்டியல் ஏமாற்றத்தை ஒழிக்கவில்லை, தேடிப் பிடிக்க ஒரு முகவரியைத் தந்திருக்கிறது.

கலிபோர்னியச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால் என்ன ஆகும் என்பது யோசிக்க வேண்டியது. சித்தாளாக வந்து, கொத்தனாராகி, பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மேஸ்திரியானவர்களின் வாழ்க்கை ஏணி அது. தேர்வும் கட்டணமும் வைத்து அந்த ஏணியை எடுத்துவிட்டால், மின் உரிமத்தில் நடந்ததுதான் நடக்கும்: பட்டம் உள்ளவர் முத்திரையை வாடகைக்கு விடுவார், மேஸ்திரி அதே வேலையை அதே மாதிரி செய்துகொண்டிருப்பார். எனக்குச் சரியாகப் படுவது இதைவிடச் சிறிய ஏற்பாடு. கட்டட அனுமதி விண்ணப்பத்திலேயே கட்டப் போகிறவரின் பெயர், அடையாளம், அவர் வேறு எந்த வீடுகளைக் கட்டினார் என்ற விவரம் பதிவாக வேண்டும். தேர்வு இல்லை, தடை இல்லை, பதிவு மட்டும். தொழிலாளர் நலனுக்கு ஒரு சதவீத வரியை அனுமதிக் கட்டணத்தோடு வசூலிக்க உள்ளாட்சிகளால் முடிகிறது. அதே படிவத்தில் இன்னும் நான்கு வரி சேர்ப்பது முடியாத காரியமல்ல.

அது வரும் வரை, பொறுப்பை ஏற்கும் ஆளை வீட்டுக்காரரேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம் சம்பளம் வாங்காத ஒரு பொறியாளரைத் தனியாக அமர்த்துவது அதில் முதன்மையானது. அவர் தினமும் வர வேண்டியதில்லை. கடைக்கால் மண்ணைப் பார்க்க, ஒவ்வொரு முறையும் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் கம்பியைப் பார்க்க, சுவரைப் பூசுவதற்கு முன் குழாயையும் வயரையும் பார்க்க என்று வந்தால் போதும். அவர் சரி என்று எழுதிக் கொடுக்காமல் மிக்சர் ஓடக் கூடாது. தளம் போடும் அன்று 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் கொஞ்சம் கான்கிரீட் எடுத்து வைத்து, 28-ஆவது நாள் ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கலாம். எம்-20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். தனியார் பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் பலவும் செய்து தருகின்றன. அச்சு எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே மிக்சரில் ஊற்றும் தண்ணீர் குறைந்துவிடும் என்பது இந்தச் சோதனையின் கூடுதல் லாபம்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில் நான்கு பக்கம் இருந்தால் போதும். எதை அளப்பது, எந்தக் கம்பி, எந்த சிமென்ட், எது எக்ஸ்ட்ரா, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று இருக்க வேண்டும். பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை மேஸ்திரி எடுக்கவில்லையென்றால் வீட்டுக்காரரே அந்த வேலைக்காலத்துக்கு எடுக்கலாம். வீட்டின் மொத்தச் செலவுக்கு முன்னால் அந்தப் பிரீமியம் சிறு தொகை. மின் வேலைக்கு உரிமக்காரரின் முத்திரையை மட்டும் வாங்காமல், அவரையே வீட்டுக்கு வரவழைத்து எர்த்தையும் கசிவையும் உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லலாம்.

கடைசியாக, நிறுத்திவைக்கும் தொகை. அரசு ஒப்பந்தங்களில் ஒரு பகுதிப் பணத்தைக் குறைபாட்டுக் காலம் முடியும் வரை பிடித்து வைப்பது வெகுநாள் வழக்கம். வீட்டு வேலையிலும் ஐந்து சதவீதத்தை அப்படி வைக்கலாம். எத்தனை மாதம் என்று மேஸ்திரி கேட்பார். மாதக் கணக்கு வேண்டாம். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை ஒன்று முழுதாகப் பெய்து முடியட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் போதும். தளம் ஒழுகுவதும், ஜன்னல் ஓரத்தில் ஓதம் ஏறுவதும், மண் ஊறிச் சுவர் கீறல் விடுவதும் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். கிரகப்பிரவேசத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்திருப்பவர் அதற்கடுத்த தை வரை அந்தப் பணத்தைத் தரக் கூடாது.